மேன்ஷன் அறையில் மூட்டைப்பூச்சி: ஸ்ப்ரேயா, ஹீட்டரா, ஆவியா?

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை மாதிரி, இரண்டு இரும்புக் கட்டிலும் ஓர் அலமாரியும் போட்டால் நடக்க இடமில்லாத அறைகளில் மூட்டைப்பூச்சி புகுந்துவிட்டால், எந்த வழியையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுங்கள்: முட்டை சாகுமா?

ஸ்ப்ரேயில் பெரும்பாலும் சாகாது. கடையில் கிடைப்பவை அநேகமாக பைரித்திராய்டு என்ற பூச்சிமருந்து வகை. பல இடங்களில் பூச்சிகளுக்கு அது பழகிப்போய்விட்டது. தப்பிய முட்டைகள் பத்து நாளுக்குள் பொரிந்துவிடும். நெடி தாங்காத பூச்சிகள் சுவர் விரிசல் வழியே பக்கத்து அறைக்குப் போய், பிறகு திரும்பி வரும். டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட மருந்து. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தானிய மூட்டைக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரையை அறைக்குள் வைக்கவே கூடாது. அதன் வாயு ஆளையே கொன்றுவிடும்.

சூட்டுக்கு எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. 48 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சுமார் 20 நிமிடத்தில் சாகும். முட்டைக்கு அதே சூட்டில் 70 நிமிடத்துக்கு மேல் வேண்டும். 55 டிகிரியைத் தாண்டினால் இரண்டும் உடனே முடிந்துவிடும். இதைக் கேள்விப்பட்டு ரூம் ஹீட்டரைப் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று சூடாகும், ஆனால் செங்கல் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தையின் உள்பக்கம் வெதுவெதுப்போடு நிற்கும். 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அறையில் இருப்பதோ 5 ஆம்ப் பிளக். முதலில் பிளக்கின் பின் நுழையும் துளையைச் சுற்றிப் பழுப்பேறும், பிறகு பிளாஸ்டிக் இளகும், அடுத்தது தீ.

ஆகவே சூடான நீராவியைப் பீய்ச்சும் ஸ்டீமர்தான். ஆவியை ஒரே புள்ளியில் பீய்ச்சும் குறுகிய முனை வேண்டாம். பூச்சியும் முட்டையும் பறந்து சிதறும். அகல முனையில் பருத்தித் துணியைச் சுற்றி, மெத்தையின் தையல் விளிம்போடு ஒட்டி, ஓர் அடி தூரத்தைக் கடக்க 10 முதல் 15 விநாடி எடுத்துக்கொண்டு நகர்த்துங்கள். முனை கடந்த கையோடு துணியின் மேற்பரப்பு 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்டில் சட்டத்தின் மூட்டுகள், போல்ட் துளைகள், காலின் குழாய் வாய் எதையும் விடக்கூடாது. முடிந்ததும் மின்விசிறியின் கீழ் முழுசாகக் காயவிடுங்கள், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும்.

ஸ்டீமர் ஆவிக்குப் பதில் தண்ணீரைத் துப்புகிறதா? போர்வெல் தண்ணீரின் உப்பு காயிலில் படிந்திருக்கும். பாதி வினிகர், பாதி தண்ணீர் ஊற்றி, சூடாக்காமல் அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று முறை அலசுங்கள். இனி கேன் தண்ணீரே ஊற்றுங்கள்.

ஆவி போகக்கூடாத இடம் சுவிட்ச் பாக்ஸ். அறைக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, பூச்சியை உலரவைத்துக் கொல்லும் டயட்டோமேசியஸ் எர்த் என்ற மண் பொடியை மெல்லிய படலமாகத் தூவுங்கள். குவித்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சென்னை ஈரப்பதத்தில் பொடி மெதுவாகத்தான் வேலை செய்யும்.

துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், அல்லது விளிம்பு விடாமல் இஸ்திரி போடுங்கள். 10 முதல் 14 நாளில் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். அதே நாளில் இருபக்கத்து அறைகளிலும் மேல், கீழ் அறைகளிலும் செய்ய மேனேஜரிடம் கேளுங்கள். சுவர் விரிசல்களை வெள்ளை சிமெண்டால் அடைக்கவும் சொல்லுங்கள்.