கிளாக் 30: ஹூஸ்டன் வெயிலில் ஒரு .45-ஐ இடுப்பில் சுமந்த அனுபவம்

.45 ஏசிபி (0.45 அங்குலத் தடிமன் குண்டு உள்ள) தோட்டா போடும் சின்ன பிஸ்டல் தேடுபவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே மெல்லியது எது, கனம் குறைந்தது எது" என்றுதான். பல வருடமாக ஹூஸ்டனில் கிளாக் 30 எஸ்எஃப்-ஐ சட்டைக்குள் மறைத்து வைத்துப் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வி 9 மி.மீ. பிஸ்டலுக்குச் சரி, .45-க்குச் சரிவராது. .45-ல் பிடி குட்டையாக இருக்க வேண்டும், கனம் குறையக் கூடாது.

அதற்குள் போகுமுன் நம் ஆட்களுக்கு முக்கியமான ஒரு சட்ட விஷயம். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை நீங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டு இறங்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்கூடத்தில், கையில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் மாட்டும். கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் கடைப்பக்கமே போனேன்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, தகுதியுள்ள ஒருவர் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் தேவையில்லை. இருந்தாலும் நான் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். லூசியானா போன்ற வேறு மாநிலங்களுக்குக் காரில் போகும்போது அது செல்லும். பள்ளிக்கூடங்களைச் சுற்றி 1000 அடிக்குள் பொருந்தும் கூட்டரசுத் தடைக்கு, அந்தந்த மாநிலத்து உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருக்கிறது. குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடும் பெற்றோருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சரி, ஏன் .45? ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் தோட்டாவை எம்1911 பிஸ்டலோடு சேர்த்து அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றது. 1985-ல் 9 மி.மீ. பெரெட்டாவைத் தேர்ந்தெடுக்கும்வரை அதுதான் அவர்களின் முதன்மைக் கைத்துப்பாக்கி. அடுத்த வருடம் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள். குற்றவாளி ஒருவனின் உடலில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது என்று விசாரணையில் தெரிந்தபின், குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு எஃப்பிஐ ஓர் அளவு வைத்தது. உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம். அதன்பின் 10 மி.மீ., .40 என்று போய்ப் பார்த்துவிட்டு, 2014 வாக்கில் மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பும் முடிவை எடுத்தார்கள். குண்டுத் தயாரிப்பு அந்த அளவுக்கு முன்னேறிவிட்டது.

ஆகவே ".45 அடித்தால் ஆள் பறந்துவிடுவான்" என்ற பேச்சை நம்பி யாரும் வாங்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். .45-ல் ஏறக்குறைய 15 கிராம் குண்டு விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகிறது. 9 மி.மீ.யில் 7.5 கிராம் குண்டு 350 மீட்டர் வேகத்தில் போகிறது. ஆற்றலாகப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உந்தமாகப் பார்த்தால் .45 மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அந்த உந்தம் முழுக்க நம் கைக்கும் திரும்பி வருகிறது. .45-ன் உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி வைத்து உடம்பில் பாய்ந்ததும் விரியும் குண்டின் வாயில் துணி அடைத்து அது விரியாமல் போனாலும், 11.5 மி.மீ. குண்டு 11.5 மி.மீ.தான். எனக்கு அந்த உறுதி பிடித்திருக்கிறது. அதற்காகக் கூடுதல் உதையையும் குறைவான தோட்டாக்களையும் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது கனம். கிளாக் 30 காலியாக ஏறக்குறைய 745 கிராம், பத்துத் தோட்டா நிரப்பினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குழல் 96 மி.மீ. மெல்லிய .45 வகைகள் காலியாக 600 கிராம் பக்கத்தில், குழல் 84 மி.மீ. வாக்கில், ஐந்து முதல் ஏழு தோட்டாதான் பிடிக்கும். ஸ்மித் அண்டு வெசன் ஷீல்டு 45, ஸ்பிரிங்ஃபீல்டு எக்ஸ்டி-எஸ் எல்லாம் இந்த வரிசை. கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும், சட்டைக்குள் காணாமல் போய்விடும். ஆனால் அதே உந்தத்தை 150 கிராம் குறைந்த ஒரு பொருள் தாங்க வேண்டும். முதல் குண்டு எல்லாருக்கும் சரியாகத்தான் போகும். இரண்டாவது, மூன்றாவதுக்குள் பிடி கைக்குள் புரண்டுவிடும். பெயர் வேண்டாம், இப்படி ஒரு மெல்லிய .45-ஐ ரேஞ்சில் சுட்டபோது, மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலே காலித் தோட்டா வெளியே வராமல் ஸ்லைடில் (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) மாட்டிக்கொண்டது. உயிர் காக்க வாங்கும் பொருளில் அந்த நுணுக்கம் எனக்கு ஒத்துவராது.

கிளாக்கிலேயே மெல்லிய ஸ்லைடு வைத்த 30எஸ் இருக்கிறது, ஆறு தோட்டா பிடிக்கும் கிளாக் 36 இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் தடித்த 30-க்குப் போனேன். என்னுடையது எஸ்எஃப் வகை, அதாவது பிடியின் பின்பக்கத்தைச் சற்றுக் குறைத்தது. நடுத்தரக் கை உள்ளவர்களுக்கு விரல் டிரிகருக்கு நேராக எட்டும். சுண்டுவிரலுக்கு இடம் கொஞ்சம்தான், பழகினால் தொந்தரவில்லை. அகலம் 33 மி.மீ. வரும். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் அகலம் உடம்போடு ஒட்டிப் படுத்துவிடும். சட்டையில் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது பிடியின் நீளம்தான். கிளாக் 30-ன் பிடி குட்டை. இன்னொரு வசதி, பெரிய கிளாக் 21-ன் 13 தோட்டா மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இதில் பொருந்தும். துப்பாக்கிக்குள் பத்து, உபரியாகப் பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கனத்தைச் சுமப்பது பெல்ட்டும் உறையும். பிஸ்டலுக்கு 600 டாலர் கொடுத்துவிட்டு பெல்ட்டை 20 டாலரில் முடிப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சாதா தோல் பெல்ட்டில் இது ஒரு பக்கமாகத் தொங்கும், நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அசைவே பார்ப்பவருக்குச் செய்தி சொல்லிவிடும். உள்ளே விறைப்புத் தகடு வைத்துத் தைத்த பெல்ட், பேண்ட்டை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் பெரிதாக வாங்குவது, டிரிகரை முழுக்க மூடும் கைடெக்ஸ் (கெட்டி பிளாஸ்டிக்) உறை, இவை மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கிளாக்கில் தனியாகக் கையால் தள்ளும் சேஃப்டி கிடையாது. உறைதான் டிரிகருக்குக் காவல். துணி உறை, மெத்தென்ற தோல் உறையெல்லாம் நாளடைவில் வாய் தொய்ந்து டிரிகர் பக்கம் மடங்கும், வேண்டவே வேண்டாம். உறைக்குள் திரும்ப வைக்கும்போது அவசரப்படக் கூடாது. சட்டை நுனி உள்ளே போகிறதா என்று கண்ணால் பார்த்து வைக்க வேண்டும்.

ஹூஸ்டன் கோடை சென்னைக்குச் சளைத்ததில்லை. புழுக்கத்தில் வலது இடுப்பு எப்போதும் ஈரம். கிளாக் ஸ்லைடின் பூச்சு வியர்வையை நன்றாகத் தாங்குகிறது, துரு ஏறவில்லை. பனியன் நூலும் தூசியும்தான் சேரும். உள்ளே ஒரு பருத்தி பனியன், மேலே கட்டம் போட்ட தொளதொள அரைக்கைச் சட்டை, வாரம் ஒருமுறை துடைத்துத் துளி எண்ணெய், அவ்வளவுதான். வெளிர் நிற ஒற்றை வண்ண டி-ஷர்ட்டில் இதை மறைக்க முடியாது. அப்படிப்பட்ட நாளுக்கு எஸ்ஐஜி பி365 போன்ற சின்ன 9 மி.மீ. நல்லது, அதில் சந்தேகமே இல்லை. பேர்லேண்டு மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளில் எதையும் எடுத்துப்போவதில்லை, வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். காரில் விட்டுப்போவது திருடனுக்குத் துப்பாக்கி வாங்கிக்கொடுப்பதற்குச் சமம். உரிமம் இருந்தாலும் மறைத்து எடுத்துவரக் கூடாது என்று சொல்லும் 30.06 பலகை உள்ள இடங்கள், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவால் வருவதால் 51 சதவீதச் சிவப்புப் பலகை வைத்த மதுக்கடைகள், தபால் அலுவலகம் என்று போகும் வழியை முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

தோட்டாச் செலவு நிஜமான பாரம். பயிற்சிக்கான .45, 9 மி.மீ.யைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விலை. பயிற்சி குறைந்தால் பெரிய காலிபரால் ஒரு பயனும் இல்லை. டெக்சஸ் உரிமத் தேர்வில் 3, 7, 15 கெஜத்தில் மொத்தம் 50 குண்டு, 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அது குறைந்தபட்சம்தான். 15 கெஜத்தில் இந்தக் குட்டைக் குழலோடு நெஞ்சளவு வட்டத்துக்குள் ஒழுங்காகப் போட வேண்டுமென்றால் மாதாமாதம் ரேஞ்சுக்குப் போக வேண்டும். நான் 230 கிரெயின் (ஏறக்குறைய 15 கிராம் குண்டு) தோட்டாவிலேயே நிற்கிறேன். குழல் குட்டையானால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் சில குண்டுகள் விரியாது. ஸ்பியர் கோல்டு டாட் வரிசையில் குட்டைக் குழலுக்கென்றே தனி வகை கிடைக்கிறது, அதுதான் என் துப்பாக்கியில் இருக்கிறது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. தினமும் துப்பாக்கியைக் காலி செய்து அதே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழலின் பின்பக்க அறையில் (சேம்பர்) ஏற்றினால், குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் கூட்டுக்குள் அமுங்கும். சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டையாகிவிட்டதை ஒதுக்கிவிடுங்கள். இதைத் தவிர்க்க நான் பிஸ்டலை உறையோடு சேர்த்தே கழற்றிப் பெட்டகத்தில் வைக்கிறேன். பூட்டு கட்டாயம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டுமாறு தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். சட்டம் சொல்லாவிட்டாலும் இதில் சமரசம் கூடாது.

முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு நான் .45 சொல்ல மாட்டேன். கிளாக் 19 அளவில் 15 தோட்டா பிடிக்கும் 9 மி.மீ. ஒன்றை வாங்கி ஒரு வருடம் சுடட்டும். என் மனைவியும் அதைத்தான் வைத்திருக்கிறார், என்னைவிட வேகமாகவும் சுடுகிறார். அதற்குப் பிறகும் .45-தான் வேண்டும் என்று தோன்றினால், துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும் ரேஞ்சுக்குப் போய் கிளாக் 30-ஐயும் ஒரு மெல்லிய .45-ஐயும் ஒரே நாளில், ஒரே 230 கிரெயின் தோட்டாவில், 7 கெஜத்தில் மேகசின் முழுக்கச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று குண்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.