நான்கு ஆண்டுகள் வரைந்த பிறகும் ஸ்ட்ரெச் கட்டளை மீது தீராத கோபம்

"அண்ணா, விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கிவிடலாமா?" என்று பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். அவர் கேட்டது நான் நான்கு ஆண்டுகளாகத் தினமும் டிராயிங் வரையும் அதே கணினி வரைபட (CAD) மென்பொருளைப் பற்றி. லேயர், அளவுக்கோடு, பிரிண்ட் பற்றியெல்லாம் அவருக்கே தெரியும். அவற்றில் எனக்கும் குறை இல்லை. ஆனால் அவர் கேட்ட நாளில்தான் நான் தவறாக வரைந்த ஒரு தகட்டுக்கு இரண்டாம் முறை வெட்டுக்கூலி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஆகவே இந்தப் பதில் ஒரே ஒரு கட்டளையைச் சுற்றியே நிற்கும்: ஸ்ட்ரெச், அதாவது வரைந்ததன் ஒரு பகுதியைப் பிடித்து நீட்டும் கட்டளை.

வேலை பூஜை அறைக் கதவு. 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு, மேலே அரைவட்டம். அகலம் 900, எனவே வளைவின் உயரம் 450. டிராயிங் முடிந்த பிறகு அந்த வீட்டில் வாசலை 1050 ஆக்கிவிட்டார்கள். நான் வலமிருந்து இடமாகக் கட்டம் இழுத்து, கதவின் வலப்பாதியைப் பிடித்து, 150 நகர்த்தினேன். முழுக்கதவும் திரையில் தெரியும் அளவில் பார்த்தபோது ஒரு குறையும் கண்ணில் படவில்லை. வெட்டி வந்த தகட்டில் இரண்டு தோளும் முறிந்திருந்தன. நேராக ஏறி வரும் பக்கம் வளைவுக்குள் நழுவிச் செல்ல வேண்டிய இடத்தில், முழங்கை மடித்ததுபோல் ஒரு முனை. கிரைண்டரில் தேய்த்துப் பார்த்தோம். முனை மழுங்கியது, கோணம் போகவில்லை.

நடந்தது இதுதான். தனி வில்லாக வரைந்த வளைவின் ஒரு முனையை நகர்த்தினால், இந்த மென்பொருள் நாணின் (வில்லின் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டின்) நடுவிலிருந்து வில்லின் உச்சி வரை உள்ள உயரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மையத்தையும் ஆரத்தையும் தானே புதிதாகக் கணக்கிடுகிறது. நாண் 1050 ஆனது, உயரம் 450லேயே நின்றது. அரைவட்டமாக இருக்க 525 வேண்டும். வில்லின் புதிய ஆரம் 531.25. ஆறேகால் மில்லிமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் மையம் நாணுக்குக் கீழே 81.25 இறங்கிவிட்டது, அதனால் தோளில் வளைவு கிட்டத்தட்ட 9 பாகை உள்ளே சாய்ந்துவிட்டது. ஆறேகால் மில்லிமீட்டரைக் கண் கண்டுகொள்ளாது. 9 பாகை முறிவை அந்த வீட்டுப் பாட்டி வாசலில் நின்றபடியே காட்டிவிட்டார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லா வளைவும் அரைவட்டம் இல்லை. பீமுக்குக் கீழே 150 உயரத்தில் ஒரு தாழ்ந்த ஜன்னல் வளைவு இருந்து, ஜன்னலை மட்டும் அகலப்படுத்தச் சொன்னால், உயரம் மாறாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டும். அங்கே இந்தக் கட்டளை செய்வது சரியான வேலை. எத்தனையோ முறை என் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. அரைவட்டத்தை அகலமாக்கினால் உச்சி 75 மேலே போக வேண்டுமா, அல்லது லிண்டல் இடிக்காமல் இருக்கப் பக்கங்கள் 75 குறைய வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவன் நான். என் மனதில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீட்டுவதற்கு முன் கதவின் இரண்டு பக்கக் கோடுகளோடும் வில் முனை இல்லாமல், தொடுகோடாகச் சேர்ந்திருந்தது. நீட்டிய பின் சேரவில்லை. இது மென்பொருளின் கையிலேயே இருக்கும் கணக்கு. ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன, ஐகான்களின் நிறம் மாறியது, அந்த ஒரு வரி வரவில்லை.

திரையில் வளைவு கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் மட்டும் பதற வேண்டாம். அது காட்சிக்காகச் சிறு கோடுகளாக வரைந்து காட்டுவது. ரீஜென் (திரையை மறுபடி வரையச் சொல்லும் கட்டளை) கொடுத்தால் சரியாகிவிடும்.

அதே கதவில் இருந்த ஜாலியின், அதாவது துளையிட்ட அலங்காரப் பின்னலின், கதை வேறு. தாமரையும் 60 விட்டமுள்ள வட்டத் துளைகளும் கொண்ட பின்னலை ஒரு பிளாக்காக (பல வடிவங்களை ஒரே பொருளாகக் கட்டிய தொகுப்பாக) வைத்திருந்தேன். ஸ்ட்ரெச் வட்டத்தை நீட்டுவதே இல்லை. மையம் கட்டத்துக்குள் இருந்தால் முழுதாக நகர்த்தும், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். அதனால் பிளாக்கை அகலத்தில் மட்டும் 1.1667 மடங்கு பெரிதாக்கினேன். 60 வட்டம் 70க்கு 60 நீள்வட்டமானது. அழகு போனது ஒருபுறம் இருக்கட்டும். பிளாக்கை உடைத்தபோது எல்லா விற்களும் நீள்வட்டத் துண்டுகளாயின. லேசர் இயந்திரத்துக்குக் கொடுக்கும் ஜி02, ஜி03 கட்டளைகள் வட்ட விற்களுக்கானவை. நீள்வட்டம் அங்கே சின்னஞ்சிறு நேர்கோடுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. நறுக்கு பெரிதாக இருந்துவிட்டால், விரலை வைத்தாலே தெரியும் அளவுக்கு விளிம்பில் நெளிவு நிற்கும். என் துளைகளில் நின்றது. பின்னலைப் பெரிதாக்குவதற்குப் பதில் துளைகளின் இடைவெளியை மாற்றி மறுபடி அடுக்கியிருக்க வேண்டும். இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன்.

இப்போது என் வழக்கம் இது. வளைவு உள்ள எதையும் நீட்டிய பிறகு பண்புகள் பலகையைத் திறந்து ஆரத்தைப் பார்க்கிறேன். அரைவட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் அது அகலத்தின் சரிபாதி இல்லையென்றால் வளைவை அழித்துவிடுகிறேன். பக்கக் கோடுகளை மட்டும் வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்து, ஃபில்லெட் (இரண்டு கோடுகளை வளைவால் இணைக்கும் கட்டளை) கொடுத்து இரண்டு கோடுகளையும் தொடுகிறேன். இணைகோடுகள் என்றால் ஆரமே சொல்லத் தேவையில்லை; இடைவெளியை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் தானே வந்து உட்கார்ந்துவிடுகிறது, இரண்டு தோளிலும் மயிரிழை பிசகாமல். முதல்முறை தற்செயலாக இதைக் கண்டபோது எழுந்து நின்றுவிட்டேன். இன்றும் ஒவ்வொரு முறையும் அதே மகிழ்ச்சிதான். இவ்வளவு அழகாக ஒரு கட்டளையைச் செய்தவர்கள்தான் அந்த இன்னொன்றையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

என் உரிமத்தை அடுத்த ஆண்டுக்கும் புதுப்பித்துவிட்டேன். இதைவிட வேகமாக என்னால் வேறெதிலும் வரைய முடியாது. தம்பிக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பகல் முழுவதும் வெட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து வரைபவர். ஆரத்தைச் சரிபார்க்க அவரிடம் இன்னொரு ஆள் கிடையாது. வளைவு முறிந்தால் ஒரு வரி எச்சரிக்கை காட்டும் பதிப்பு வரட்டும், அன்றைக்கு முழு விலைக்கே வாங்கச் சொல்லி, நானே போய்ச் சொல்லியும் கொடுக்கிறேன்.