சறுக்கா, சுழலா? குண்டு எறிதலின் இரு முறைகள்: ஓர் இயக்கவியல் அலசல்

ஆண்களுக்கான குண்டின் நிறை 7.26 கிலோ, பெண்களுக்கான குண்டின் நிறை 4 கிலோ; இருவரும் எறியும் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர் மட்டுமே. அந்தச் சிறிய வட்டத்துக்குள், ஓய்வில் இருக்கும் குண்டுக்கு எவ்வளவு வேகம் கொடுக்க முடியும் என்பதுதான் இந்தப் போட்டியின் மொத்தக் கேள்வி. அதற்கு இன்று இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. வட்டத்தின் பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பை நோக்கி ஏறத்தாழ நேர்கோட்டில் சறுக்கிச் சென்று எறிவது ஒன்று. 1950களின் தொடக்கத்தில் இதைச் செம்மைப்படுத்தி 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அமெரிக்க வீரரின் பெயரால் இது ஓ பிரையன் முறை என்றும் அழைக்கப்படுகிறது. வட்டெறிபவரைப் போல உடலைச் சுழற்றி எறிவது மற்றொன்று. உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் இதை டிஸ்கோ புட் என்பார்கள். சோவியத் வீரர் அலெக்சாந்தர் பாரிஷ்னிகோவ் 1976இல் இம்முறையில் 22.00 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்த பிறகே பயிற்சியாளர்கள் இதை ஒரு மாற்று வழியாகக் கருதத் தொடங்கினர்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கையைவிட்டுப் பிரிந்த குண்டு செல்லும் தூரத்தை, பிரியும் கணத்தில் அதற்கிருக்கும் வேகம், கோணம், உயரம் ஆகிய மூன்றே தீர்மானிக்கின்றன. இவ்வளவு கனமான பொருளின் மீது காற்றின் தடை மிகச் சிறிது என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில், 37 பாகைக் கோணத்தில், விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் விடப்படும் குண்டு சுமார் 21.8 மீட்டர் தொலைவில் விழும். உயரத்தை 10 சென்டிமீட்டர் கூட்டினால் கிடைக்கும் ஆதாயமும் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர்தான். கோணத்தை 39 பாகையாக்கினால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடும். ஆனால் கோணம் உயர உயர, புவியீர்ப்புக்கு எதிராகச் செலவாகும் விசை கூடுவதோடு மார்பும் தோளும் முழு வலுவுடன் தள்ள முடியாத நிலையும் ஏற்படுவதால், அந்த ஆதாயத்தை வேக இழப்பு விழுங்கிவிடுகிறது. வேகத்தை மட்டும் விநாடிக்கு 14இலிருந்து 14.5 மீட்டராக உயர்த்தினாலோ தூரம் 1.4 மீட்டர் கூடிவிடும். ஆகவே எந்த முறை சிறந்தது என்னும் வாதம், எந்த முறை குண்டுக்கு அதிக வேகம் தருகிறது என்பதில்தான் முடிகிறது.

சறுக்கு முறையில், வலக்கையால் எறிபவர் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி, குண்டைத் தாடைக்குக் கீழே கழுத்தோடு அணைத்துக்கொண்டு, வலக்காலில் தாழ்ந்து அமர்கிறார். இடக்கால், வட்டத்தின் முன்விளிம்பில் பதித்த தடுப்புப் பலகையை நோக்கி உதைக்க, வலக்கால் தரையை ஒட்டியே இழுபட்டு வட்டத்தின் நடுப்பகுதியை அடைகிறது. இடக்கால் பலகையருகே ஊன்றியதும் வலக்கால், இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, விரல்கள் என்ற வரிசையில் உடல் விரிகிறது. இவ்வளவு நேரமும் குண்டு அதிகம் விலகாமல் ஒரே திசையில் பயணிப்பதால், இறுதித் தள்ளலைத் தொடங்கும்போதே அதற்கு விநாடிக்கு 2 முதல் 2.5 மீட்டர் வரை வேகம் சேர்ந்திருக்கும்.

சுழல் முறையில் அதே வீரர் இரு கால்களையும் அகட்டி நின்று, இடப்பாதத்தின் முன்பகுதியில் திரும்பி, வலக்காலை அகலமாக வீசி, நடுவட்டத்தில் வலப்பாதத்தை ஊன்றி, அதன் மீதே சுழன்று, இடக்காலைப் பலகைக்குக் கொண்டுவருகிறார். இங்கே ஒரு முரண் தென்படும். முதல் திருப்பத்தில் வேகம் பெறும் குண்டு, வலப்பாதம் நடுவட்டத்தில் ஊன்றும் வேளையில் அந்த வேகத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. தேர்ந்த வீரர்களிடமும் இது நடக்கிறது. கழுத்தோடு ஒட்டிய குண்டு சுழலச்சுக்கு மிக அருகில் இருப்பதால், உடல் எவ்வளவு விரைந்து சுழன்றாலும் குண்டின் நேர்கோட்டு வேகம் சிறிதாகவே இருக்கும். அதோடு, உடல் முன்னே நகரும் திசைக்கு எதிராகக் குண்டு திரும்பும் கணமும் இடையில் வந்துவிடுகிறது. இதைக் கண்டவர்கள், சேர்த்த வேகத்தைத் தொலைத்துவிடும் முறை எப்படிச் சிறந்ததாகும் என்று கேட்டனர்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அது தவறான இடத்தைப் பார்க்கிறது என்பது என் கருத்து. விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பிரியும் குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 711 ஜூல். சறுக்கு முறையில் இறுதித் தள்ளலுக்கு முன்பே சேர்ந்துவிடும் 2.5 மீட்டர் வேகத்தின் ஆற்றல் வெறும் 23 ஜூல். சுழல் முறையில் வேகம் 1 மீட்டராகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் அது 4 ஜூலுக்கும் குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பிரியும்போது இருக்க வேண்டிய ஆற்றலில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், தொடக்கத்தில் இழக்கும் சிறிய வேகம் கணக்கில் பெரிதாக நிற்பதில்லை. எஞ்சிய 690 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலை, சுமார் 1.7 மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விநாடிக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தேவைப்படும் சராசரி விசை 400 நியூட்டனைத் தாண்டும். புவியீர்ப்புக்காக இன்னும் சிறிது சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த முறை அந்த இறுதிக் கணத்தில் பெரிய விசையை நெடிய பாதையில் செலுத்த உதவுகிறதோ அதுவே வெல்கிறது.

இந்த இடத்தில் குண்டைவிட எறிபவரின் உடலே முக்கியமாகிறது. 130 கிலோ நிறையுள்ள ஒருவர் விநாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் முன்னேறினால் அவருடைய உடலில் 400 ஜூலுக்கு மேற்பட்ட இயக்க ஆற்றல் இருக்கிறது. சறுக்கு முறையில் இடக்கால் விறைப்பாக ஊன்றி இடுப்பை நிறுத்த, அந்த ஆற்றலின் ஒரு பகுதி மேலுடலுக்கும் குண்டுக்கும் ஏறுகிறது. சுழல் முறையில் இதோடு கோண உந்தமும், அதாவது சுழலும் உடல் தாங்கியிருக்கும் சுழற்சி உந்தமும், சேர்கிறது. தரையில் பாதங்கள் செலுத்தும் திருப்பு விசையால் திரண்ட அந்தக் கோண உந்தத்தை, நீட்டிய இடக்கையும் அகல வீசிய வலக்காலும் தாங்கி வருகின்றன. இறுதியில் இடக்கையை உடலோடு மடக்கும்போது நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதற்கு உடல் காட்டும் எதிர்ப்பு) குறைந்து, உடலின் வலப்பாதி சட்டென விரைகிறது. இதைவிட மதிப்புள்ளது முறுக்கம்: கால்களும் இடுப்பும் முன்னே திரும்பிவிட, தோள்கள் பின்தங்கி நிற்பதால் வயிற்றின் சாய்தசைகளும் மார்புத் தசைகளும் இழுபட்டு, சுருங்கும்போது கூடுதல் விசையைத் தருகின்றன. குண்டு நடுவில் வேகம் இழப்பது இந்த முறுக்கத்துக்குக் கொடுக்கும் விலை என்றே நான் கொள்கிறேன்.

சுழல் முறையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சுழலச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் குண்டு வட்டமிட்டால், அதைக் கழுத்தோடு பிடித்துவைக்க சுமார் 145 நியூட்டன் மையநோக்கு விசை தேவை. குண்டின் எடையே 71 நியூட்டன்தான். விரல்களும் மணிக்கட்டும் இந்த விசையை உள்நோக்கித் தராவிட்டால் குண்டு கழுத்தைவிட்டு விலகும். விலகிய குண்டை வைத்து எறிந்தால் அது செல்லாத எறிதல். பாதம் ஊன்றுவது ஒரு கணம் பிந்தினால் உடல் இடப்புறம் சாய்ந்து, குண்டு விழ வேண்டிய 34.92 பாகைப் பரப்பின் ஓரத்துக்கோ வெளியிலோ போய்விடும். எறிந்த பிறகும் ஓயாத சுழற்சி, எறிபவரைப் பலகையைத் தாண்டித் தள்ளவும் கூடும். சறுக்கு முறையில் விசையின் திசையும் இயக்கத்தின் திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இத்தகைய பிழைகள் குறைவு; பதற்றமான இறுதிச் சுற்றில் இது சிறிய ஆதாயமல்ல.

உயரமானவர்களுக்குச் சறுக்கு, குட்டையானவர்களுக்குச் சுழல் என்ற பழைய விதிக்கு ஓரளவு அடிப்படை உண்டு: நீண்ட கைகால்கள் உள்ளவருக்கு இறுதித் தள்ளலின் பாதை இயல்பாகவே நீள்கிறது, அதே கைகால்களை 2.135 மீட்டருக்குள் சுழற்றுவதோ கடினம். எனினும் 2 மீட்டர் உயரமுள்ள ரயன் கிரௌசர் சுழல் முறையில் 2023இல் 23.56 மீட்டர் எறிந்த பிறகு, இதை விதி என்று சொல்வதற்கில்லை.

சாதனைப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கிழக்கு ஜெர்மனியின் உல்ஃப் டிம்மர்மன் 1988இல் சறுக்கி எறிந்த 23.06 மீட்டரை, ராண்டி பார்ன்ஸ் 1990இல் சுழன்று எறிந்து வென்றது 6 சென்டிமீட்டரில்தான். பெண்களின் உலகச் சாதனையான 22.63 மீட்டர், நடாலியா லிசோவ்ஸ்கயா 1987இல் சறுக்கு முறையில் எறிந்தது, இன்றுவரை நிற்கிறது. ஊக்கமருந்துச் சோதனை தளர்வாக இருந்த அந்தக் காலத்து எண்களைக் கொண்டு முறைகளின் தரத்தை எடைபோடுவது சரியாகாது. இன்றைய ஆண்கள் போட்டிகளில் முன்னணியில் நிற்போர் பெரும்பாலும் சுழல்கிறார்கள் என்பதும், பெண்களில் சேஸ் ஈலி 2022, 2023 உலகப் போட்டிகளைச் சுழல் முறையிலேயே வென்றார் என்பதும் நம்பத்தக்க சான்றுகள்.

உச்சத்தை எட்ட விரும்பும், பல ஆண்டுகள் பயிற்சிக்கு ஒதுக்கக்கூடிய, கால்களில் விரைவுள்ள வீரருக்குச் சுழல் முறையையே நான் பரிந்துரைப்பேன். பள்ளி மாணவரைச் சறுக்கில்தான் தொடங்கவைக்க வேண்டும். இடக்காலை விறைப்பாக ஊன்றி, கால் தொடங்கிக் கை முடிக்கும் வரிசையைப் பழகாத ஒருவர் சுழன்றால், அவர் சேர்த்த கோண உந்தம் முழுவதும் குண்டில் ஏறாமல் அவரையே வட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும். நின்ற இடத்திலிருந்தே எறிவது, பிறகு சறுக்கு, இறுதித் தள்ளல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைந்த பின்னரே சுழல் என்ற வரிசையில் போனால், சறுக்கில் கற்றதில் எதையும் மறக்க வேண்டியிருக்காது. இடக்கால் ஊன்றியபின் நடப்பது இரு முறைகளுக்கும் பெரும்பாலும் பொதுவானது.