பொடியா, விளக்கா, ஊசியா? பச்சோந்தியின் எலும்பு வளையும்போது

பச்சோந்தியின் முன்னங்காலில் முழங்கைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். முழங்கைக்கும் பாதத்துக்கும் நடுவே இன்னொரு வளைவு தெரிந்து, ஒரே காலில் இரண்டு முழங்கைகள் இருப்பதுபோல் தோன்றினால், அந்த எலும்பு பல வாரங்களாகவே மெலிந்துகொண்டிருக்கிறது. நான் வளர்க்கும் வெய்ல்டு (veiled) இனப் பச்சோந்தியின் இடது காலில் அதைக் கண்ட நாளில் மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியை இரையின் மேல் தாராளமாகத் தூவு என்றார் ஒருவர். கூண்டின் புற ஊதா விளக்கை மாற்று, தானாகச் சரியாகும் என்றார் இன்னொருவர். இன்றே கால்சியம் ஊசி போட வேண்டும் என்றார் மூன்றாமவர். மூவருமே மற்ற இரண்டும் தேவையில்லை என்றும் சொன்னார்கள். எது எங்கே உதவும், எது எங்கே கைவிடும் என்று அன்று யாராவது பிரித்துச் சொல்லியிருந்தால் சில வாரங்கள் வீணாகியிருக்காது.

நோயின் பெயர் வளர்சிதை மாற்ற எலும்பு நோய். இதை எலும்புருக்கி என்று எழுதிவிடக் கூடாது. அது காசநோயின் பழைய பெயர். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ்தான் இதற்கு நெருங்கிய உறவு. கால்சியம் குறைந்தால் தசை சுருங்காது, இதயம் ஒழுங்காகத் துடிக்காது. அதனால் இரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கியதுமே பாராதைராய்டு சுரப்பி முடுக்கிவிடப்பட்டு, எலும்பில் சேர்த்து வைத்த கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க உணவிலிருந்து வரவு இல்லாவிட்டால், உறுதியான எலும்பின் இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. தாடையை மெல்லத் தொட்டால் ரப்பர்போல் நெகிழ்வது இதனால்தான்.

வேறு நோயோடு குழப்பிக்கொள்ளாதிருக்க

நலமான பச்சோந்தி நடக்கும்போது வயிறு கிளையைத் தொடாது. நோய் தொடங்கிய பச்சோந்தி வயிற்றைத் தாழ்த்தி இழுத்துக்கொண்டு போகும். பிடிமானம் தளரும். இரையைக் குறிபார்க்கும், வாயைத் திறக்கும், ஆனால் நாக்கு பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும். விரல்கள் தாமாகத் துடிக்கும். முற்றிய நிலையில் வாய் மூடாது, தலைக்கொண்டை ஒரு பக்கம் சாயும், முதுகெலும்பு நெளியும்.

இதோடு அதிகம் குழம்புவது கவுட். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வீங்கும் நோய் அது. நீர் போதாத, வயதான பச்சோந்திகளில் கூடுதலாகக் காணலாம். அங்கே வீக்கம் மூட்டில் இருக்கும், மூட்டுகளுக்கு இடையிலுள்ள எலும்பு நேராகவே இருக்கும். எலும்பு நோயிலோ நீள எலும்பே வளையும். அடிபட்ட கால் என்றால் பொதுவாக ஒரு கால்தான், அதுவும் விழுந்ததற்குப் பின். விழாமலே கால் முறிந்திருந்தால் எலும்பு நோயை முதலில் சந்தேகியுங்கள். வைட்டமின் ஏ குறைவு கண் வீக்கமாகவும் தோல் உரிவதில் தடங்கலாகவும் தலைகாட்டும். ஒரே விலங்குக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

எக்ஸ்ரேயா, இரத்தப் பரிசோதனையா என்றால் நான் எக்ஸ்ரேயைத்தான் முதலில் கேட்பேன். எலும்பிலிருந்து கடன் வாங்கி இரத்தம் தன் கணக்கைச் சரிசெய்துகொள்வதால், மொத்தக் கால்சியம் இயல்பாக இருப்பதாகவே அறிக்கை வரக்கூடும். புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் தனித்திருக்கும் அயனிக் கால்சியத்தைத் தனியே அளந்தால் பயன் உண்டு. எக்ஸ்ரேக்கும் ஒரு குறை இருக்கிறது: எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் வரை இழந்த பிறகே படத்தில் தெளிவாகத் தெரியும். படம் சுத்தமாக வந்துவிட்டது என்பதற்காகத் தளர்ந்த பிடியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

பொடியும் விளக்கும்

புற ஊதா பி கதிர்களில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ளவை தோலில் பட்டால், அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் டி3-இன் முன்வடிவமாக மாறும். உடல் வெப்பம் அதை டி3 ஆக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் அடுத்தடுத்து மாற்றிய பிறகே அது குடலில் கால்சியத்தை உறிஞ்ச உதவும். இடையில் வெப்பமும் ஒரு படி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வளர்ந்த ஆண் வெய்ல்டு பச்சோந்திக்குக் குளிர்காயும் கிளையில் சுமார் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். நல்ல விளக்கு இருந்தும் கூண்டு குளிர்ந்து கிடந்தால் செரிமானமும் நடக்காது, டி3-உம் ஒழுங்காக உருவாகாது.

பொடியில் கிடைக்கும் டி3 இந்தப் பாதையில் பாதியைத் தாண்டிக் குதிக்கிறது. அதன் வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். தோலில் உருவாகும் டி3-க்கு இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: கதிர் கூடுதலாகப் பட்டால் மிகுதி அதே ஒளியில் பயனற்ற பொருள்களாகச் சிதைந்துவிடும். வாய்வழி போகும் டி3-க்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. அளவு மீறினால் இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படியும். எலும்பைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழப்பது அப்படித்தான்.

என்னை விளக்கின் பக்கம் சாய வைத்தது 2003-இல் கேரி ஃபெர்குசனும் சக ஆய்வாளர்களும் பேந்தர் பச்சோந்திகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. உணவில் டி3 குறைந்த பச்சோந்திகள் புற ஊதாக் கதிரைத் தாமே கூடுதலாகத் தேடிப் போயின. டி3 நிறைய இருந்தவை குறைத்துக்கொண்டன. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த உயிர் அறிந்திருக்கிறது. விளக்கு வைத்தால் அந்த முடிவை அதனிடமே விடுகிறோம், அதற்கு நிழலும் சேர்ந்து இருக்க வேண்டும். பொடியைத் தூவும்போது நாமே முடிவெடுக்கிறோம், அதுவும் ஊகத்தில்.

ஆனால் விளக்கால் கால்சியத்தை உண்டாக்க முடியாது. இங்கேதான் இரண்டாம் ஆலோசகர் தவறினார். சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பல மடங்கு, மாவுப்புழுவும் அப்படியே. பாஸ்பரஸ் மிஞ்சினால் இருக்கிற கால்சியமும் உடலில் சேராது. ஆகவே டி3 இல்லாத வெறும் கால்சியம் பொடியை ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும் மெல்லியதாகத் தூவுவதும், டி3-உம் பிற வைட்டமின்களும் கலந்த பொடியை மாதம் இருமுறை மட்டும் தருவதும் பலர் பின்பற்றும் முறை. நானும் அதையே பின்பற்றுகிறேன். கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவில் மட்டும் கால்சியம் இயல்பிலேயே மிகுதி; வாரத்தில் ஓரிரு நாள் அதைச் சேர்ப்பது நல்லது. மலைக்காடுகளைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்திக்கு இன்னும் கை இறுக்கம் வேண்டும். பொடி மிகுந்தால் அதன் கழுத்தில் நீர்வீக்கம் தோன்றுவதை வளர்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

விளக்குகளுக்குள் என் தேர்வு கூண்டின் நீளத்துக்கு ஓடும், டி5 (T5) எனப்படும் மெல்லிய புற ஊதாக் குழல் விளக்கு. சுருள் பல்பின் கதிர் ஒரு சிறு வட்டத்தில் விழுந்து, சற்றுத் தள்ளினாலே மங்கிவிடுகிறது. என் பச்சோந்தி அதன் கீழேதான் நோயுற்றது. பாதரச ஆவி விளக்கு வெப்பத்தையும் கதிரையும் ஒன்றாகத் தருவதால் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட வழியில்லை, சிறு கூண்டுக்கு அது ஆகாது. நேரடி வெயிலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் பி கதிர் ஏறக்குறைய இராது, கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் விலங்கு வெந்துபோகும். வலைக் கூண்டில், இலை நிழலோடு, கண் பார்வையில் வையுங்கள்.

குழல் விளக்கிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி பல வருடம் எரியும். பி கதிர் அதற்கு வெகு முன்பே வற்றிவிடும். 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். கூண்டின் மேல்வலையும் கதிரில் கணிசமான பங்கை மறைக்கும். சோலார்மீட்டர் 6.5 போன்ற, புற ஊதாக் கதிரை அளக்கும் கருவியை இரவல் வாங்கியாவது ஒருமுறை அளந்து, குளிர்காயும் கிளையில், பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில், புற ஊதாக் குறியீடு (UVI) 3 அளவில் இருக்கும்படி கிளையை ஏற்றி இறக்குங்கள்.

சிரப்பும் ஊசியும்

நடுக்கமோ வலிப்போ இருந்தால் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அது இரத்தத்திலேயே கால்சியம் விழுந்துவிட்டதன் அடையாளம். ஊர்வன அறிந்த மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட வேண்டும், நீர்ச்சத்தும் ஏற்ற வேண்டும். வீட்டில் கால்சியச் சிரப் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் தள்ளுவது உயிரோடு விளையாடுவது.

நடுக்கம் இல்லை, கால் வளைந்திருக்கிறது, இரை தின்கிறது என்றால் வாய்வழிச் சிரப்பே மேல் என்பது என் கருத்து. ஊசிக்காக ஒவ்வொரு முறையும் கையால் பிடித்து அழுத்துவதிலேயே விலா எலும்பு முறியக்கூடும். சிரப்பைத் துளித்துளியாக வாயின் ஓரத்தில் விடலாம். தாடை மென்மையாக இருப்பதால் வாயை வலிந்து திறக்கக் கூடாது. அளவை மருத்துவரே எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு கிராம் காட்டும் தராசு வீட்டில் இருப்பது அவசியம்.

கால்சிடோனின் என்ற ஹார்மோன் ஊசியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதை அது நிறுத்தும். ஆனால் இரத்தத்தில் கால்சியம் இயல்புக்கு வருமுன் அதைப் போட்டால் உடலின் கடைசி வரவையும் அடைத்ததாகிவிடும், உயிரே போகலாம். முதலில் கால்சியமும் டி3-உம் சீராக வேண்டும். அந்த வரிசையை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

எந்தச் சிகிச்சையானாலும் கூண்டையும் மாற்றியாக வேண்டும். கிளைகளைத் தாழ்த்தி, படுக்கைவாட்டில் நெருக்கமாக வைத்து, தரையில் மெத்தென்று துணி விரியுங்கள். இரையைக் கிண்ணத்தில் வாய்க்கு அருகே கொடுங்கள். கிளையைப் பற்றியிருக்கும் விரல்களைப் பிய்த்து எடுக்காமல், கையை நீட்டி அதுவே ஏறும்வரை காத்திருங்கள். முட்டை சுமக்கும் பெண் பச்சோந்தி என்றால் இவை எல்லாவற்றுக்கும் அவசரம் இரட்டிப்பு: முட்டை ஓட்டுக்கும் கால்சியம் போகிறது, தசைக்கு வலுவில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிவிடும்.

என் பச்சோந்திக்கு நடுக்கம் இல்லை. அதனால் சிரப்பும் புதுக் குழல் விளக்கும் போதுமானதாக இருந்தன. முதலில் திரும்பியது பிடிமானம். வயிறு கிளையை விட்டு உயர்ந்தது அதற்கு வெகுநாள் பின்பு. வளைந்த எலும்பு நிமிரவில்லை, இனி நிமிராது. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, கூண்டின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளியை நாக்கு முழு நீளத்துக்குப் பாய்ந்து எடுத்தது.