ஃப்ளெச்சரா, மெக்டாமினேயா?

மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் வளர்ந்து ஸ்காட்லாந்துக்கு ஆடிய இரண்டு மிட்ஃபீல்டர்கள். இவர்களில் யார் மேல் என்பதுதான் கேள்வி.

2009 மே 5, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஆர்சனல் மைதானம். மான்செஸ்டர் யுனைடெட் 3-0 முன்னிலை. ஃபைனல் கையில் வந்துவிட்டது. பாக்ஸுக்குள் ஓடிவந்த ஆர்சனல் வீரர் ஃபாப்ரிகாஸின் காலடிப் பந்தை டேரன் ஃப்ளெச்சர் சறுக்கித் தட்டிவிட்டார். முதலில் பட்டது பந்தில்தான். ரெஃப்ரி நீட்டியதோ ரெட் கார்டு, அதனால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. மேல்முறையீடும் எடுபடவில்லை. ரோம் ஃபைனலில் ஃப்ளெச்சர் இல்லாமல் யுனைடெட் 2-0 என்று பார்சிலோனாவிடம் தோற்றது. பார்சிலோனா மிட்ஃபீல்டர்கள் சாவியையும் இனியெஸ்டாவையும் மறிக்க அன்று ஓர் ஆள் இருந்திருந்தால் என்று இன்னமும் புலம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

ஸ்காட் மெக்டாமினேயும் அதே அகாடமிதான். பிறந்தது இங்கிலாந்தின் லங்காஸ்டரில், அப்பா வழியில் ஸ்காட்லாந்து. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து, 'ஓடி ஓடி உழைப்பவர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அங்கேதான் தப்பு.

ஃப்ளெச்சர் அசல் மிட்ஃபீல்டர். எதிரணி பாஸ் போடுமுன் அந்த வழியில் போய் நிற்பார், பந்தைப் பறித்ததும் அலட்டாமல் பக்கத்து ஆளிடம் தருவார். யுனைடெட்டில் ஐந்து லீக் பட்டங்கள், 342 ஆட்டங்கள். நடுவில் பெருங்குடல் அழற்சி நோய் வந்து, அறுவை சிகிச்சை வரை போய், 2013 டிசம்பரில் மறுபடியும் களமிறங்கினார். நோய் தின்ற ஆண்டுகள் அவருடைய உச்ச வயது.

மெக்டாமினே, என்னைக் கேட்டால், மிட்ஃபீல்டர் வேஷம் போட்ட ஸ்ட்ரைக்கர். அவரைத் தடுப்பு வேலைக்கு நிறுத்தியே யுனைடெட் பல வருடங்களை வீணடித்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர கிளப்பான நாப்போலிக்கு விற்றார்கள். அங்கே பயிற்சியாளர் கோன்டே அவரைக் கோல் பக்கம் ஓடவிட்டார்: லீக்கில் 12 கோல், இத்தாலிய லீக்கான சீரி ஆ பட்டம், சீசனின் சிறந்த வீரர் விருது. பட்டத்தை முடிவு செய்த, கால்யாரி அணியுடனான ஆட்டத்தில் அந்தரத்தில் பறந்து உதைத்த முதல் கோலும் அவருடையதே. ஊரில் இருந்தவரை தக்காளி வெறும் சிவப்புத் தண்ணீர், இங்கேதான் ருசியே தெரிந்தது என்று சொல்லி நேப்பிள்ஸ்காரர்களின் மனதையும் பிடித்துவிட்டார்.

பந்தைக் காப்பதில் ஃப்ளெச்சர் ஒரு படி மேல். என் ஓட்டு அவருக்கே. ஆனால் தேசிய அணி என்று வந்தால் என் வாதம் நொண்டுகிறது. ஸ்காட்லாந்துக்கு 80 ஆட்டம் ஆடியும், ஒரு பெரிய தொடரைக்கூட அவர் பார்க்கவில்லை. அவர் காலம் முழுக்க அணிக்கு வறட்சி. மெக்டாமினேயோ 2023 மார்ச்சில் ஸ்பெயினுக்கே இரண்டு கோல் போட்டார். 2025 நவம்பர் 18, ஸ்காட்லாந்தின் சொந்த மைதானமான ஹாம்ப்டன் பார்க், டென்மார்க்குடன் வாழ்வா சாவா உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மூன்றாவது நிமிடம், கோலுக்கு முதுகைக் காட்டியபடி எழும்பி ஒரு பைசைக்கிள் கிக். 4-2 என்று வெற்றி. 1998-க்குப் பிறகு முதல் முறையாக ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.