நாய், பூனை உள்ள வீட்டுக்குக் கன்று வாங்க உப்புவெளிப் பக்கம் ஒரு கடை

உப்புவெளியிலிருந்து நிலாவெளி போகும் வழியில், வீதியை விட்டுச் சற்று உள்ளே, பச்சை வலை கட்டிய வளவு ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. ஓர் அக்காவும் அவரது கணவரும் நடத்துகிறார்கள். திருகோணமலையில் கன்று விற்கும் இடங்கள் வேறும் உண்டு, இதைவிட மலிவாகவும் வாங்கலாம். ஆனால் வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் கேட்டால் நான் இங்கேதான் போகச் சொல்வேன்.

முதன்முதலாகப் போனபோது கையில் ஒரு லில்லிச் சாடியோடு காசு கொடுக்க நின்றேன். மலைநாட்டிலிருந்து வந்த கன்று, இரண்டு பூ விரிந்து அவ்வளவு அழகாக இருந்தது.

"வீட்டில நாய் பூனை ஏதும் இருக்கோ தங்கச்சி?"

"நாய் ரெண்டு, பூனை ஒண்டு அக்கா."

"பூனை இருந்தா இது வேண்டாம். வேற பாருங்கோ."

சொல்லிக்கொண்டே சாடியை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். நல்ல விலைக்குப் போகும் கன்றை, வாங்க வந்த ஆளின் கையிலிருந்து வாங்கி வைக்கும் வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது லில்லியைப் பற்றி அறிந்தவர்களுக்குப் புரியும். உண்மையான லில்லிகளும், நம் வளவுகளில் நன்றாக வரும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை. இலை, இதழ், பூந்தூள் எல்லாமே ஆபத்து. உடம்பில் ஒட்டிய பூந்தூளைப் பூனை நக்கினாலும், பூவை வைத்த சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். முதலில் வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு கொஞ்சம் தேறியதுபோலவும் தெரியலாம். நஞ்சு உள்ளே போய் 18 மணித்தியாலம் கடந்த பிறகு மருத்துவம் தொடங்கினால் காப்பாற்றுவது மிகக் கடினம் என்கிறார்கள். நாய்க்கு இவ்வளவு மோசமில்லை, வயிற்றைக் கலக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே கன்று நாய்க்கு ஒருவிதமாகவும் பூனைக்கு வேறுவிதமாகவும் இருப்பதால்தான் அந்த அக்கா எந்தப் பிராணி என்று கேட்டே கொடுக்கிறார். பீஸ் லில்லி என்று விற்பது வேறு இனம். அதைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து எச்சில் வடியும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. கார்த்திகைப்பூவையும் சிலர் லில்லிக் கணக்கில் சேர்ப்பார்கள். அதுவும் லில்லி அல்ல, ஆனால் அதில் இருக்கும் கொல்கிசின் என்ற நஞ்சு நாய், பூனை, மனிதர் என்று யாரையும் விடாது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். மண் கிளறும் நாய் இருந்தால் வளவுக்குள் அது முளைக்கவே விடக்கூடாது.

எங்கள் வீட்டில் பூ என்றால் முதலில் மாமியின் பூசைத் தட்டு. மாமிக்கு அலரி வேண்டும். அலரி விதை உயிரைக் கொல்லும் நஞ்சு என்பது வடக்கு கிழக்கில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அதே நஞ்சு, இதயத் துடிப்பைக் குழப்பும் கிளைக்கோசைட்டுகள், இலையிலும் பட்டையிலும் காய்ந்த சருகிலும்கூட இருக்கிறது என்பதை மாமி நம்பவில்லை. எங்கள் சின்ன நாய் டைகருக்கு ஒன்பது மாதம். தடி, செருப்பு, குழாய் என்று எதையும் கடித்துப் பார்க்கும் வயது. அந்த அக்கா மாமியை ஒரு வாங்கில் இருத்தி, அலரி, மஞ்சள் அலரி, அடினியம், பட்டிப்பூ நான்கையும் வரிசையாகக் காட்டி, "இது எல்லாம் ஒரே குடும்பம் அம்மா, இதில எதையும் நாய்க்கிட்ட விடக்கூடாது" என்று பொறுமையாக விளக்கினார். உண்மைதான், நான்கும் ஒரே தாவரக் குடும்பம். பட்டிப்பூவிலிருந்துதான் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள். அவ்வளவு வீரியமுள்ள பூவை வேலியோரம் நட்டுவிட்டு நாம் மறந்துவிடுகிறோம்.

மாமி கடைசியில் செவ்வரத்தைக்குச் சம்மதித்தார். சிவப்பு அடுக்கு ஒன்று, வெள்ளை ஒன்று, கூடவே ஒரு மல்லிகைக் கொடி. செவ்வரத்தைக் கன்று 250 ரூபாய், மல்லிகை 300. மூன்றும் நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லாதவை. ரோசாவும் அப்படித்தான், முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. சீனியாவும் சூரியகாந்தியும் விதை போட்டே வளர்க்கலாம், இரண்டுக்கும் நம் வெயில் பிடிக்கும். செவ்வந்தி மட்டும் வேண்டாம். அதைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் வாந்தி வரும், தோல் அரிக்கும்.

கன்றுகளின் தரத்தையும் சொல்ல வேண்டும். செவ்வரத்தை, மல்லிகை, ரோசா எல்லாம் இவர்களே பதிவைத்து எடுத்தவை. அதே உப்புக் காற்றிலும் அதே கிணற்றுத் தண்ணீரிலும் வளர்ந்ததால் நம் மணலில் வைத்தாலும் வாடவில்லை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில்கூடக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டால் தாங்குகின்றன. லொறியில் இறங்கும் மலைநாட்டுக் கன்றுகளுக்கு அந்த உறுதி இல்லை. நான் வாங்கிய பொஸ்டன் ஃபேர்ன் அதற்கு உதாரணம். பூனைக்கு எந்த ஆபத்தும் இல்லாத கன்று, ஆனால் எங்கள் விறாந்தையின் அனல் காற்றில் நுனியெல்லாம் கருகிப்போனது. ஸ்பைடர் பிளான்ட் அதே இடத்தில் செழித்து நிற்கிறது. எங்கள் பூனை கிட்டி அதன் இலைகளை அவ்வப்போது கடிக்கிறாள், அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணி பிளான்ட், டிஃபென்பேக்கியா, அந்தூரியம் ஆகியவற்றில் ஊசி போன்ற ஒக்சலேட் படிகங்கள் இருப்பதால், கடித்த வாய் வீங்கி எரியும். வீட்டுக்குள் வைக்க வேண்டுமானால் அவற்றுக்குப் பதில் ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, அரேக்கா பாம் ஆகியவற்றைத்தான் இந்தக் கடையில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பாம் என்றதும் என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். வாசலிலேயே, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டும் உயரத்தில், சைக்கஸ் சாடிகள் வரிசையாக நிற்கின்றன. லேபலில் "பாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அரேக்கா சாடியிலும் அதே "பாம்". அரேக்கா முற்றிலும் பாதுகாப்பானது. சைக்கஸ் பாம் இனமே அல்ல, அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு, விதையில்தான் மிக அதிகம். ஓரிரு விதை ஒரு நாயின் ஈரலைச் சிதைத்து உயிரையே எடுத்துவிடும். அக்கா கடையில் இருந்தால் கேட்டுத்தான் கொடுப்பார். அவர் இல்லாத நேரம் சாமான் எடுத்துக் கொடுக்கும் தம்பிக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. இதை நான் அக்காவின் கணவரிடம் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டார், ஆனால் இன்றுவரை லேபல் மாறவில்லை. இவ்வளவு அறிந்தவர்கள் நடத்தும் கடையில் ஒரு சிவப்புப் புள்ளியாவது ஒட்டி வைக்கலாம். அதுவரை நீங்கள் தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பின் இணையப் பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால், நாய்க்கா, பூனைக்கா, இரண்டுக்குமா என்று தனித்தனியே தெரிந்துவிடும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவரும் இதே அக்காதான், அதனால்தான் லேபல் விஷயம் மனதை உறுத்துகிறது.

பசளை விஷயத்தில் குறையில்லை. தும்புத் தூளும் மக்கிய மாட்டெருவும் கலந்து பையில் கட்டித் தருகிறார்கள். ஆமணக்குப் பிண்ணாக்கு இங்கே விற்பதில்லை, கேட்டாலும் தருவதில்லை. அதன் வாசம் நாயை இழுக்கும், சரியாகச் சூடாக்காத பிண்ணாக்கில் ரைசின் நஞ்சு தங்கியிருக்கும். மாரி மழையோடு நத்தை வரும்போது மெட்டல்டிஹைட் குளிசை போட வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அந்தக் குளிசையைத் தின்ற நாய் வலிப்பு வந்தே இறக்கலாம். இரவில் டோர்ச் அடித்து நத்தையைப் பொறுக்கி எடுப்பதுதான் இவர்கள் சொல்லும் வழி, நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

பூனைக்கென்று ஒரு தட்டில் அறுகம்புல் நட்டு இலவசமாகத் தந்தார்கள். கிட்டி இப்போது மற்றச் சாடிகளைவிட அதைத்தான் அதிகம் கடிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைதான் திறந்திருக்கும், மற்ற நாட்களில் மாலை ஆறு மணி வரை. அட்டை எடுப்பதில்லை, காசு கொண்டு போகவேண்டும். பெரிய சாடிகளுக்கு ஓட்டோ நீங்களே பிடிக்க வேண்டும். செவ்வரத்தையும் ரோசாவும் நடுவதாக இருந்தால் ஒக்டோபரில் முதல் மழை விழுந்த பிறகு போங்கள். புதுக் கன்றுகளை அப்போதுதான் வெளியே எடுத்து வைப்பார்கள். காலையிலேயே போனால் அக்கா இருப்பார்.