ஐயா வீட்டுப் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்: சரிப்படுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏறாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐயாவும் ஆயாவும் (தாத்தாவும் பாட்டியும்) மட்டும் இருக்கிற வீடுகளில், நன்றாக ஓடுகிற கணினியை இதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக நிறுவுகிற லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளம், அதில் சினமன் பதிப்பு போதும். விலை கிடையாது, 4 ஜிபி ராமில் ஓடும், 2029 வரை அப்டேட் வரும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று கண்ணுக்குப் பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கிறது.

முதலில் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, கேமரா, பிரிண்டர் மூன்றும் வேலை செய்தால்தான் மேலே போகலாம். சில பழைய லேசர் பிரிண்டர்கள் இங்கேயே மக்கர் பண்ணும்.

பெரியவர்களை உண்மையில் தடுமாற வைப்பது எழுத்துரு. கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு), கல்யாணப் பத்திரிகை எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். மின்டில் வேர்டு, எக்செலுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஆபீஸில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் கண்டபடி சிதறிக் கிடக்கும். "என் கணக்கெல்லாம் போச்சே" என்று ஐயா பதறிவிடுவார். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸை அழிப்பதற்கு முன்பே அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்து வையுங்கள். மின்டில் அந்த எழுத்துரு ஃபைலை இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

அடுத்தது டபுள் கிளிக். நடுங்குகிற விரலில் இரண்டு சொடுக்குக்கு நடுவே மவுஸ் நகர்ந்துவிடும். ஐகான் இடம் மாறுமே தவிர ஃபைல் திறக்காது. ஃபைல்ஸ் செயலியின் பிரிஃபரன்ஸஸில், பிஹேவியர் பக்கத்தில் சிங்கிள் கிளிக்கைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து பெரிதாகத் தெரிய, ஃபான்ட் செலக்‌ஷனில் டெக்ஸ்ட் ஸ்கேலிங்கை 1.3 ஆக்குங்கள். மெனு மொழியை மட்டும் மாற்றாதீர்கள்: பல வருடம் 'சேவ்', 'பிரிண்ட்' என்று பழகியவருக்குப் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் கலந்த மெனு கூடுதல் குழப்பம்.

வசதிக்காக ஆட்டோ லாகின் வைக்காதீர்கள். வைத்தால் குரோம் திறக்கும்போதெல்லாம் கீரிங் (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பெட்டகம்) பாஸ்வேர்டு கேட்டுத் திரையில் பெட்டி வரும். லாகினில் பாஸ்வேர்டு போடாததால் அந்தப் பூட்டு திறக்காமலே நிற்பதுதான் காரணம். பெரியவர்கள் அதில் வங்கிப் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஒரே முறை போட வைப்பதே மேல்.

வீட்டு முகப்பில் ரூட்டர், உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் கணினி என்றால் செட்டிநாட்டுச் சுவரைத் தாண்டி வைஃபை ஒழுங்காக வராது. லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் இருக்கிற பேரன் ஸ்கிரீனைப் பார்த்து உதவவும் அதுதான் கை கொடுக்கும்.

டாலியில் கணக்கு எழுதுகிறவர்களும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிறவர்களும் இதற்கு மாற வேண்டாம்.